சம்பளக் கணக்கில் சேர்ந்த குடும்பம்: ‘மங்க்’ தொடரின் உறவுகள்

நீங்கள் கேட்ட கேள்வி மூன்று பாகமாக இருக்கிறது. ‘மங்க்’ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரில் மங்க்கின் உதவியாளர் ஷரோனா போய் நாடலி வந்தது நல்லதா கெட்டதா? எட்டு சீசன் ஓடியும் மங்க்குக்கும் நாடலிக்கும் காதல் வராமலே முடித்தது ஏன்? போலீஸ் கேப்டன் ஸ்டாட்டில்மையர் மங்க்கின் உண்மையான நண்பரா, கேஸ் முடிக்க அவரைப் பயன்படுத்திக்கொண்டவரா? கடைசி எபிசோடு வரை போகாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கொலையாளி யார் என்பதெல்லாம் கீழே வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

தொடரை மறந்தவர்களுக்காக நாலு வரி. அமெரிக்காவின் யுஎஸ்ஏ நெட்வொர்க் சேனலில் 2002 ஜூலை முதல் 2009 டிசம்பர் வரை வந்தது. 125 எபிசோடு. எழுத்தாளர் குழுவுக்குத் தலைமை ஆண்டி பிரெக்மன். சான் ஃபிரான்சிஸ்கோ போலீசில் துப்பறிவாளராக இருந்த ஏட்ரியன் மங்க், 1997 டிசம்பர் 14 அன்று மனைவி ட்ரூடியை கார் குண்டுக்குப் பறிகொடுக்கிறார். சின்ன வயதிலிருந்தே இருந்த ஓசிடி (சுத்தம், ஒழுங்கு என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய்) அதற்குப் பிறகு அவரை முழுங்கிவிடுகிறது. வேலை போகிறது, மூன்று வருடத்துக்கு மேல் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. கதை தொடங்கும்போது, கூடவே ஒரு நர்ஸ் இருந்தால் வெளியே வருவார், போலீஸ் திணறும் கொலைகளில் ஆலோசகராக உதவுவார் என்ற நிலையில் இருக்கிறார். மங்க்காக நடித்த டோனி ஷலூப் இதற்காக அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியை மூன்று முறை வாங்கினார்.

இப்போது என் கருத்து. இந்தத் தொடரில் மங்க்கைச் சுற்றி இருக்கும் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஷரோனா சம்பளம் வாங்கும் நர்ஸ். நாடலி சம்பளம் வாங்கும் உதவியாளர். டாக்டர் க்ரோகர் பீஸ் வாங்கும் மனநல மருத்துவர். ஸ்டாட்டில்மையர் ஆலோசனைக் கட்டணம் கொடுத்துக் கூப்பிடும் போலீஸ் அதிகாரி. ஒவ்வொரு உறவிலும் நடுவில் காசு நிற்கிறது. காசில்லாமல் அவரை நேசித்தவள் ட்ரூடி, அவள் செத்துவிட்டாள். ரத்த உறவில் அப்பா ஓடிப்போனவர், அண்ணன் பேசாமல் இருப்பவர். கொலை யார் செய்தது என்பது வாரா வாரம் மாறும் கேள்வி. காசுக்காக வந்தவர்கள் மனசாலும் வந்தார்களா என்பது எட்டு வருடமும் மாறாத கேள்வி. அந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் கேட்ட மூன்றுக்கும் வழி கிடைக்கும்.

முதலில் ஷரோனா. பிட்டி ஷ்ராம் நடித்த ஷரோனா ஃப்ளெமிங் நியூஜெர்சிக்காரி, பள்ளிக்கூடம் போகும் பையன் பெஞ்சியைத் தனியாக வளர்ப்பவர், வாய் நீளம். மங்க்கிடம் அவருக்குப் பரிதாபம் கிடையாது. யாரிடமாவது கை குலுக்கியதும் மங்க் பின்னால் கையை நீட்டுவார், ஷரோனா பையிலிருந்து ஈரத் துடைப்பான் எடுத்து அதில் வைப்பார். பேச்சு எதுவும் இருக்காது. ஆனால் அடுத்த நிமிஷமே, ‘போதும், கிளம்பு’ என்கிற முகம். முதல் எபிசோடிலேயே வேலையை விட்டுப் போவதும் திரும்பி வருவதும் நடந்துவிடுகிறது. அதன் கடைசியில் கொலைகாரன் ஷரோனாவைப் பிணையாக இழுத்துக்கொண்டு சாக்கடைச் சுரங்கத்துக்குள் போகிறான். கதவுப் பிடியைத் தொடவே யோசிக்கும் மங்க் அந்தச் சாக்கடைக்குள் இறங்குகிறார். சம்பளம் கொடுப்பவர் சம்பளம் வாங்குபவருக்காக அவ்வளவு தூரம் போகிறார் என்பது தொடரின் முதல் நாளே பதிவாகிவிட்டது.

ஷரோனாவின் வழி, நோயாளியைத் தன் காலில் நிற்க வைப்பது. என்றைக்காவது தான் தேவைப்படாமல் போக வேண்டும் என்றுதான் அவர் வேலை செய்கிறார். நல்ல நர்ஸ் அப்படித்தான் இருப்பார். நோயாளிக்கு அது கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

மூன்றாவது சீசன் நடுவில், 2004 கடைசியில், பிட்டி ஷ்ராம் தொடரிலிருந்து போனார். ஒப்பந்தப் பேச்சு ஒத்துவரவில்லை என்று அப்போது செய்தி வந்தது. கதையில், ஷரோனா முன்னாள் கணவர் ட்ரெவரை மறுபடி கல்யாணம் செய்துகொண்டு நியூஜெர்சிக்குப் போய்விட்டதாகச் சொல்லி முடித்தார்கள். திரையில் ஒரு விடைபெறல் காட்சிகூட இல்லை. ரசிகர்கள் கோபப்பட்டது நியாயம். மூன்று சீசனாக உயிரோட்டமாக இருந்த ஒருவரை இப்படி ஒரு வரியில் அனுப்பிவைத்தது எனக்கும் இன்றுவரை பிடிக்கவில்லை.

2005 ஜனவரியில் நாடலி டீகர் வருகிறார். ட்ரெய்லர் ஹோவர்ட் நடித்தார். வரும்போதே வேலை தேடி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் வீட்டுக்குள் அடுத்தடுத்து இரண்டு பேர் அத்துமீறி நுழைகிறார்கள். இரண்டாவது ஆளோடு நடந்த போராட்டத்தில் நாடலியின் கையில் கத்தரிக்கோல் கிடைக்கிறது, அவன் செத்துப்போகிறான். எதற்காக வந்தார்கள் என்று போலீசுக்குப் புரியவில்லை, மங்க்கிடம் அனுப்புகிறார்கள். அங்கே மங்க் புது நர்ஸுக்காக ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒருவரும் சரிப்படவில்லை. நாடலியோ தானும் தன் மகள் ஜூலியும் நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்ற கவலையில் இருக்கிறார். கேஸ் முடியும்போது பார்த்தால், இந்த மனிதரை எப்படிச் சமாளிப்பது என்பது நாடலிக்குக் கைவந்திருக்கிறது. ஜூலியின் மீன் செத்துப்போகும்போதெல்லாம் அதே மாதிரி இன்னொன்று வாங்கித் தொட்டியில் விட்டு, மகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்பவர் நாடலி. சாவைப் பக்கத்தில் பார்த்த ஆள். கணவர் மிட்ச் கடற்படை விமானி, கொசோவோ போரில் விமானம் வீழ்த்தப்பட்டு இறந்தவர்.

இங்கேதான் இரண்டு பேருக்கும் வித்தியாசம். ஷரோனா விவாகரத்தானவர். அவருக்கு மங்க்கின் துக்கம் வேலையின் ஒரு பகுதி. நாடலி விதவை. அவர் மங்க்கைப் பார்க்கும்போது தானே அந்தப் பக்கம் சறுக்கியிருந்தால் என்ன ஆகியிருப்போம் என்பதையும் பார்க்கிறார். ஷரோனா ‘ஏட்ரியன்’ என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுவார். நாடலிக்கு அவர் கடைசிவரை ‘மிஸ்டர் மங்க்’தான். ஆனால் தூரம் வைத்துக் கூப்பிட்ட நாடலிதான் அதிகம் நெருங்கினார்.

காசு விஷயத்திலும் நாடலியின் கதை சுவையானது. மங்க் கஞ்சப் பிசினாரி. சம்பளம் சரியாகத் தராதது, செலவுக் காசைத் திருப்பித் தராதது, சம்பள உயர்வு கேட்டால் பேச்சை மாற்றுவது இதெல்லாம் சீசன் சீசனாக ஓடும் நகைச்சுவை. நாலாவது சீசனில் நாடலியின் தம்பி கல்யாணத்துக்குப் போகும்போது ஒரு விஷயம் வெளியே வருகிறது. நாடலி டேவன்போர்ட் என்ற பற்பசைக் கோடீஸ்வரக் குடும்பத்துப் பெண். பிறந்த வீட்டுக் காசு வேண்டாம் என்று வந்துவிட்டவர். அப்படியானால், வார சம்பளத்துக்கு மங்க்கிடம் மல்லுக்கட்டும் இந்தப் பெண் நினைத்தால் நாளைக்கே வேலையை உதறிவிட்டுப் போகலாம். அது தெரிந்தபிறகு பழைய சண்டைக் காட்சிகளையெல்லாம் வேறு கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் கேட்பது தன் உழைப்பை மங்க் மதிக்கிறாரா என்பதைத்தான்.

இரண்டு பேரில் யார் மேல்? தமாஷ் ஷரோனாவோடு அதிகம். கூர்மையும் அதிகம். முதல் இரண்டு சீசனில் இருக்கும் அந்த உரசல் பிறகு திரும்பவே இல்லை. ஆனால் ஷரோனாவோடு தொடர் எட்டு சீசன் போயிருக்குமா என்பது சந்தேகம். தள்ளிக்கொண்டே இருப்பவர் ஒரு கட்டத்தில் ஜெயிக்க வேண்டும், ஜெயித்தால் மங்க் குணமாகிவிடுவார், கதை முடிந்துவிடும். நாடலி தள்ளவில்லை, கூட நடந்தார். நீண்ட தூரத்துக்கு அதுதான் தாங்கும்.

இந்த விவாதத்தைத் தொடரே ஒருமுறை நடத்திப் பார்த்தது. எட்டாவது சீசனில் ஷரோனா தன் மாமா ஒருவரின் சாவு விஷயமாக சான் ஃபிரான்சிஸ்கோ வருகிறார். மங்க்குக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாடலிக்கு வயிற்றெரிச்சல். நீ அவரைச் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறாய் என்பது ஷரோனாவின் குற்றச்சாட்டு. வைத்தியம் பார்ப்பதற்கும் வாழ்க்கையில் துணையாக இருப்பதற்கும் நடுவில் இருக்கும் சண்டைதான் அது. எழுதியவர்கள் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. போகிற போக்கில் ஷரோனாவையும், கேப்டனுக்குக் கீழ் வேலை பார்க்கும் போலீஸ்காரர் ராண்டியையும் சேர்த்துவிட்டார்கள், அது தனிக் கதை.

சரி, காதல். இதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் ட்ரூடி. அது உண்மைதான், ஆனால் அரைக் காரணம். மனைவியை இழந்தவர் மறுபடி காதலிக்கும் கதைகள் ஆயிரம் வந்திருக்கின்றன. ‘காஸில்’, ‘போன்ஸ்’ மாதிரித் துப்பறியும் தொடர்களில் ஜோடியைச் சேர்த்து வைப்பதுதான் கடைசி இலக்கே. இங்கே அப்படிச் செய்திருந்தால் நான் மேலே சொன்ன கேள்வி செத்திருக்கும். நாடலி ஏன் இவரோடு இருக்கிறார்? காதலிக்கிறார், அதனால் இருக்கிறார். முடிந்தது. காதல் இல்லாமல், ஒழுங்கான சம்பளமும் இல்லாமல், வேறு வழி இருந்தும் ஒருவர் இருக்கிறார் என்றால்தான் ஏன் என்று யோசிக்க வேண்டும். பாசம் என்று சொல்லி முடிக்கவும் முடியாது, ஏனென்றால் பல நாள் அவருக்கு மங்க் மீது எரிச்சல்தான் வருகிறது. எழுத்தாளர்கள் அந்த இடத்தைக் காலியாகவே விட்டது இந்தத் தொடரின் மிகச் சரியான முடிவு என்பேன். நாடலிக்கு அவ்வப்போது வேறு ஆண்களோடு பழக்கம் வந்து போவதையும், கடைசியில் ஒரு கடற்படை அதிகாரியோடு பழகுவதையும் காட்டியது அதே முடிவின் தொடர்ச்சி.

ட்ரூடி செத்துப்போனவள் என்றாலும் இந்தத் தொடரின் பெரிய பாத்திரம். முதலில் ஸ்டெல்லினா ரூசிச்சும் பிறகு மெலோரா ஹார்டினும் நடித்தார்கள். அவளோடு மங்க்குக்கு இருக்கும் உறவை ஒரே காட்சியில் பார்க்க வேண்டுமென்றால் மூன்றாவது சீசனின் முதல் எபிசோடு. குண்டு வைத்த வாரிக் டென்னிசன் நியூயார்க்கில் மரணப் படுக்கையில் கிடக்கிறான். மங்க்கிடம் மன்னிப்புக் கேட்கிறான். மங்க் எழுந்து போய் அவனுக்கு ஏறிக்கொண்டிருக்கும் மார்ஃபினை நிறுத்துகிறார். இது நான் நிறுத்துவது என்கிறார். அவன் வலியில் துடிக்கிறான். சில விநாடி கழித்து மறுபடி திறந்துவிடுகிறார். இது நீ கொன்ற ட்ரூடி திறந்துவிடுவது என்கிறார். எட்டு சீசனில் ஷலூப் நடித்ததில் எனக்கு இதற்கு மேல் ஒன்று கிடையாது. கோபம் அவருடையது, கருணை அவளிடமிருந்து கடன் வாங்கியது. அவள் இருந்தால் என்ன செய்வாள் என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்த மனிதர் மனிதராக இருக்கிறார்.

இப்போது ஸ்டாட்டில்மையர். இந்தக் கேள்விதான் கனமானது.

டெட் லெவின் நடித்த லீலண்ட் ஸ்டாட்டில்மையரை முதல் எபிசோடில் பார்த்தால் நண்பர் என்று சொல்லவே முடியாது. மங்க்கைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடிக்கிறார். அதில் பொறாமை இருக்கிறது. தன் ஆட்கள் இருபது பேர் சேர்ந்து காணாததை, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையில் கொலை நடந்த வீட்டில் நின்று புலம்பும் ஒரு ஆள் கண்டுபிடித்தால் எந்த அதிகாரிக்கும் எரியும். பொறாமையைத் தாண்டி நியாயமான பயமும் இருக்கிறது. மங்க்குக்குத் திரும்ப பேட்ஜ் கொடுத்தால், ஆபத்தான நேரத்தில் கூட இருக்கும் போலீஸ்காரனின் உயிருக்கு யார் பொறுப்பு? மங்க் அன்றைக்கு அதற்குத் தகுதியாக இல்லை என்பதும் உண்மை. நண்பர் என்ற முகத்துக்காக அதை மறைக்காததுதான் ஸ்டாட்டில்மையரின் நேர்மை.

இரண்டாவது சீசனில் வீட்டில் மனைவி கேரனோடு சண்டை போட்டுக்கொண்டு அவர் மங்க் வீட்டில் வந்து தங்கும் எபிசோடு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் நேராக்கி வைக்கும் மனிதரின் வீட்டில், காலணியைக் கழற்றிப் போட்ட இடத்தில் விடும் மனிதர். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், தங்க இடமில்லாத கேப்டனுக்கு வேறு கதவு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. பிறகு நாலாவது சீசனில் அந்தக் கல்யாணம் முறிந்தே போகிறது. நாடலி விதவை, ஷரோனா விவாகரத்தானவர், கேப்டனும் விவாகரத்தானவர். மங்க்கைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் எதையோ இழந்தவர்கள், ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டு சமாளிப்பவர்கள். மங்க்கிடம் அந்தச் சாமர்த்தியம் மட்டும் இல்லை.

கேள்விக்கு நேரான பதில் ஆறாவது சீசனில் இருக்கிறது. கேப்டனுக்கு லிண்டா ஃபஸ்கோ என்ற ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டோடு பழக்கம். ரொம்ப நாளுக்குப் பிறகு மனிதர் முகத்தில் சிரிப்பு. அப்போது லிண்டாவின் தொழில் கூட்டாளி கொலையாகிறான். மங்க்குக்கு லிண்டா மேல் சந்தேகம். ஆனால் கொலை நடந்த நேரத்தில் அவள் கணினி வழியாகக் கேப்டனோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் நிரபராதி என்பதற்குச் சாட்சியே கேப்டன்தான். இந்த நிலையில் மங்க் வாயைத் திறக்க வேண்டும். நண்பனின் சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் மங்க்குக்குப் பொய்யான ஒழுங்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. சொல்கிறார். கேப்டன் கொதித்துப்போகிறார், நட்பே முறியும் நிலை. பிறகு அவரும் போலீஸ்காரர்தானே, கண் திறக்கிறது. அவள் தன்னைத்தான் பொய்ச்சாட்சியாகப் பயன்படுத்தினாள் என்று தெரிந்ததும், கைது செய்யும் வேலையிலிருந்து அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

இந்த எபிசோடில் பயன்படுத்தியவள் யார், நண்பன் யார் என்று பிரித்துக் காட்டிவிட்டார்கள். மங்க்கைக் கேப்டன் பயன்படுத்துகிறாரா என்று கேட்டீர்கள். பயன்படுத்துகிறார், அதற்குத்தான் கட்டணம். ஆனால் அந்த ஆலோசகர் சொன்ன உண்மையை, தன் வாழ்க்கையையே உடைக்கும் உண்மையாக இருந்தும், கடைசியில் ஏற்றுக்கொண்டார். கட்டணம் கொடுத்து வாங்குபவர் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வார். இவர் பிடிக்காததையும் எடுத்துக்கொண்டார்.

அதே சீசன் முடிவில் மங்க் மீது பொய்க் கொலைக் குற்றம் விழுகிறது, தப்பி ஓடுகிறார். துரத்திய கேப்டன் அவரைச் சுடுகிறார், மங்க் கடலில் விழுகிறார், செத்துவிட்டதாக ஊரே நம்புகிறது. பிறகுதான் தெரிகிறது, அது இரண்டு பேரும் சேர்ந்து போட்ட நாடகம். தன் வேலையையும் பேரையும் பணயம் வைத்து கேப்டன் அதைச் செய்கிறார். எனக்கு ஒரே வருத்தம், நாடலியிடம் சொல்லவில்லை. பாவம், அவர் உண்மையாகவே அழுதார். ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்து போட்ட திட்டத்தில் அதிகம் வலித்தது அவருக்குத்தான். எட்டாவது சீசனில் கேப்டன் டி.கே. ஜென்சன் என்ற பத்திரிகையாளரைக் கல்யாணம் செய்யும்போது மாப்பிள்ளைத் தோழன் மங்க். அதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா?

மருத்துவர் உறவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் போக மனசில்லை. டாக்டர் சார்லஸ் க்ரோகராக நடித்த ஸ்டான்லி காமெல் 2008 ஏப்ரலில் மாரடைப்பில் இறந்தார். வேறு நடிகரை அதே பேரில் கொண்டுவரவில்லை. க்ரோகரும் மாரடைப்பில் இறந்ததாக ஏழாவது சீசனின் முதல் எபிசோடில் வைத்தார்கள். மணிக்கணக்கில் காசு கொடுத்துப் பேசிய ஒருவருக்காக மங்க் துக்கம் கொண்டாடுகிறார். ஷலூப் நடித்தாரா, நண்பருக்காக உண்மையிலேயே கலங்கினாரா என்று பிரித்துப் பார்க்க முடியாத எபிசோடு. அதன் பிறகு ஹெக்டர் எலிசோண்டோ நடித்த டாக்டர் நெவன் பெல் வந்தார். அமைதியானவர், நல்லவர், ஆனால் க்ரோகருடைய அந்தக் களைத்த புன்னகை வேறு.

க்ரோகரை வைத்துத்தான் ஹெரால்ட் கிரென்ஷாவும் வருகிறார். டிம் பேக்லி நடித்தது. அதே டாக்டரின் இன்னொரு நோயாளி, கிட்டத்தட்ட அதே நோய், மங்க்கின் ஜென்ம விரோதி. டாக்டருக்கு யார் பிடித்த நோயாளி என்பதில் இரண்டு பேருக்கும் போட்டி. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பிடித்த பையன் யார் என்று அடித்துக்கொள்வார்களே, அதை ஐம்பது வயதுக்காரர்கள் செய்தால் எப்படி இருக்கும்? எட்டாவது சீசனில் மங்க்கின் காப்பீட்டுப் பணம் தீர்ந்துபோய், தனி சிகிச்சைக்கு வழியில்லாமல், ஹெரால்ட் இருக்கும் குழு சிகிச்சையில் போய் உட்கார வேண்டியதாகிறது. காசு தீர்ந்ததால் வந்த வினை. அந்த எபிசோடில் இரண்டு பேரையும் ஒரே கார் டிக்கிக்குள் போட்டு அடைத்துவிடுகிறார்கள், இரண்டு பேருக்கும் மூடிய இடம் என்றால் உயிர் போய்விடும். வெளியே வரும்போது நண்பர்கள். இந்தத் தொடரில் மங்க் சம்பளமோ கட்டணமோ இல்லாமல் சம்பாதித்த ஒரே நண்பன் அவருடைய எதிரிதான்.

ரத்த உறவுக்கு வந்தால் அண்ணன் ஆம்ப்ரோஸ். ஜான் டர்டூரோ இந்த வேடத்துக்கு எம்மி வாங்கினார். மங்க்கை விட மூளைக்காரர், ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வீட்டை விட்டு இறங்காதவர். ஷெர்லக் ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டை நினைவில் வைத்துச் செய்த பாத்திரம் என்பது ஹோம்ஸ் படித்தவர்களுக்கு உடனே தெரியும். ஆனால் ஆம்ப்ரோஸுக்கு ஹோம்ஸ் கதையில் இல்லாத துக்கம் ஒன்று உண்டு. சீனச் சாப்பாடு வாங்கிவரப் போன அப்பா திரும்பவே இல்லை. என்றைக்காவது வருவார் என்று அவருக்கு வந்த தபால்களை ஆம்ப்ரோஸ் அத்தனை வருடமும் சேர்த்து வைத்திருக்கிறார். ட்ரூடி செத்தபோது தம்பிக்கு ஒரு போன்கூடப் போடவில்லை, அந்தக் கோபத்தில் மங்க் ஏழு வருடம் பேசவில்லை. ஏன் போடவில்லை என்று பிறகு தெரிகிறது. அன்றைக்கு ட்ரூடி அந்தக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனதே ஆம்ப்ரோஸுக்கு இருமல் மருந்து வாங்கத்தான். அவள் சாவுக்குத் தானே காரணம் என்று அந்த மனிதர் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறார். வெளியே பார்த்தால் அலட்சியம், உள்ளே பார்த்தால் குற்ற உணர்ச்சி. நம் குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றுபோன பல கதைகளுக்குள் இப்படி ஒன்று இருக்கும்.

ராண்டி டிஷர் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜேசன் கிரே-ஸ்டான்ஃபோர்ட் நன்றாகச் சிரிக்க வைத்தார். கேப்டனோடு அவருக்கு இருப்பது அப்பா மகன் மாதிரி ஒரு பந்தம். அப்பாவுக்குப் பொறுமை கம்மி, அவ்வளவுதான். பல்வைத்தியரிடம் நடக்கும் எபிசோடில் தான் கண்ணால் பார்த்த கொலையை யாருமே நம்பவில்லை என்று ராண்டி வேலையை விட்டுப் போகிறாரே, அங்கே மட்டும் அந்தக் கோமாளிக்குப் பின்னால் இருக்கும் வலி தெரிந்தது. கடைசியில் நியூஜெர்சியில் சம்மிட் என்ற ஊருக்குப் போலீஸ் தலைவராகி ஷரோனாவோடு போய்ச் சேர்கிறார். பிரெக்மனின் எழுத்தாளர் குழு உட்கார்ந்து எழுதியது அந்தச் சம்மிட்டில்தான், தமாஷுக்கு வைத்துவிட்டார்கள்.

கடைசி இரண்டு எபிசோடு 2009 நவம்பர் 27, டிசம்பர் 4. இரண்டாவதை 94 லட்சம் பேர் பார்த்தார்கள், அமெரிக்கக் கேபிள் நாடகத் தொடர்களில் அன்றைக்கு அது சாதனை. சாவதற்கு முன் ட்ரூடி கிறிஸ்துமஸுக்காகக் கட்டி வைத்த பரிசுப் பெட்டியை மங்க் பன்னிரண்டு வருடம் பிரிக்காமல் வைத்திருக்கிறார். பிரித்துவிட்டால் அவளிடமிருந்து வர வேண்டியது வேறு எதுவும் மிச்சம் இருக்காதே. விஷம் கொடுக்கப்பட்டு இனிப் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்தபோதுதான் பிரிக்கிறார். உள்ளே வீடியோ நாடா. மங்க்கைச் சந்திப்பதற்கு முன்பு பேராசிரியர் ஈதன் ரிக்கோவரோடு உறவு இருந்தது, குழந்தை பிறந்தது, பிறந்ததும் இறந்துவிட்டது என்று சொன்னார்கள் என்கிறாள் ட்ரூடி. ரிக்கோவர் இப்போது நீதிபதி. அந்தப் பழைய விஷயம் வெளியே வந்துவிடக் கூடாதென்றுதான் முதலில் மருத்துவச்சியையும் பிறகு ட்ரூடியையும் ஒழித்துக்கட்டியிருக்கிறான். மருத்துவச்சியின் உடல் அவன் தோட்டத்துச் சூரியக் கடிகாரத்துக்கு அடியில் கிடக்கிறது. மாட்டிக்கொண்டதும், அவளைப் பார்த்துக்கொள் என்று மங்க்கிடம் சொல்லிவிட்டுத் தன்னையே சுட்டுக்கொள்கிறான்.

குழந்தை சாகவில்லை. மாலி என்று வேறு வீட்டில் வளர்ந்து சினிமா விமர்சகியாக இருக்கிறாள். மங்க்குக்கு அவள் ரத்தமும் இல்லை, வளர்த்ததும் இல்லை, சட்டப்படி எதுவுமே இல்லை. சம்பளமும் கிடையாது. ட்ரூடியின் மகள் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு பேரும் ஒட்டிக்கொள்கிறார்கள். கடைசி நேரத்தில் புதுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து முடித்துவிட்டார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். கொஞ்சம் அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டு வருடமாகக் காசு கொடுத்து உறவு சேர்த்தவருக்குக் கணக்கே இல்லாத ஒரு உறவைக் கொடுப்பதற்கு வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

2023 டிசம்பரில் பீக்காக் என்ற ஓடிடி தளத்தில் வந்த ‘மிஸ்டர் மங்க்ஸ் லாஸ்ட் கேஸ்’ படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடலி அட்லாண்டாவில் வீடு விற்கும் தொழிலில் இருக்கிறார், கல்யாணம் ஆகிவிட்டது. கேப்டன் போலீஸ் வேலையை விட்டு ஒரு கோடீஸ்வரனுக்குப் பாதுகாப்பு அதிகாரி. ஷரோனா படத்தில் இல்லை. சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் எல்லாரும் அவரவர் வாழ்க்கைக்குப் போய்விட்டார்கள், பெருந்தொற்றுக் காலம் மங்க்கை மறுபடி பழைய இருட்டுக்குள் தள்ளியிருக்கிறது. தன் வரலாற்றுப் புத்தகத்துக்காக வரும் முன்பணத்தில் மாலியின் கல்யாணச் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், பதிப்பகம் புத்தகத்தை வேண்டாம் என்கிறது. நாடலிக்குச் சம்பளம் தர மூக்கால் அழுத அதே மனிதர்! பிறகு கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை சாகிறான், மாலி அது கொலை என்கிறாள், பழைய ஆட்கள் மறுபடி கூடுகிறார்கள். இந்த முறை யாருக்கும் யாரும் காசு தரவில்லை.

முழுத் தொடரையும் மறுபடி பார்க்க நேரமில்லை, உறவுக் கதை மட்டும் போதும் என்றால் இந்த வரிசை சரியாக வரும்: முதல் எபிசோடு, இரண்டாவது சீசனில் ஆம்ப்ரோஸ் வருவது, மூன்றாவது சீசனில் நியூயார்க், அப்புறம் நாடலி வருவது, ஆறாவது சீசனில் லிண்டா, ஏழாவதின் தொடக்கம், எட்டாவதில் ஷரோனா திரும்பி வருவது, ஹெரால்டோடு டிக்கிக்குள் மாட்டுவது, கடைசி இரண்டு. படத்தை உடனே பார்க்காமல் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.